ஆட்சி மாறினால் ஏ.என்.எம்., ஆஷா, ஒப்பந்த நர்ஸ் நிலை என்ன? (நகரி, புத்தூர், பலமநேர், பள்ளிப்பட்டுப் பக்கம்)

கேள்வி: குடியாத்தம் வாசகர், ஜூன் 9, 2024

ஜூன் 4 அன்று ஆந்திரத் தேர்தல் முடிவு வந்து, ஜெகன் போய்ச் சந்திரபாபு வருகிறார் என்றானதிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. என் மனைவி 2019இல் தேர்வு எழுதி, பலமநேர் பக்கம் ஒரு கிராம சச்சிவாலயத்தில் (ஊர் மட்ட அரசு அலுவலகம்) ஏ.என்.எம். ஆக, அதாவது கிராமச் செவிலியராகச் சேர்ந்தவள். சச்சிவாலயத்தையே இழுத்து மூடிவிடுவார்கள் என்கிறான் ஒருவன். வீடு வீடாக அரசு உதவிகளைக் கொண்டுபோகிற வாலண்டியர்களைத்தான் வேலையிலிருந்து அனுப்புவார்கள், தேர்வு எழுதியவர்களை யாரும் தொட முடியாது என்கிறான் இன்னொருவன். என் கருத்து இதுதான்: நிரந்தர வேலையில் இருப்பவருக்கு ஆட்சி மாற்றம் என்பது வெறும் போட்டோ மாற்றம். சுவரில் ஒரு படத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை மாட்டுவார்கள், அவ்வளவுதான். நீண்ட சர்வீஸ் பார்த்த அக்கா யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வு பெற்ற ஏ.என்.எம். அக்கா, ஜூன் 9, 2024, இரவு

வேலை போகாது தம்பி. உன் மனைவி 15,000 ரூபாயில் இரண்டு ஆண்டுக்கு மேல் தகுதிகாண் காலத்தை ஓட்டி, 2022இல்தான் ஊதிய விகிதத்துக்கு வந்திருப்பாள். அந்த ஆணை முதலமைச்சரோடு வீட்டுக்குப் போகிற காகிதம் இல்லை. ஆனால் 'வெறும் போட்டோ மாற்றம்' என்றாயே, அதில் எனக்குச் சண்டை இருக்கிறது. இப்போது கண் சொக்குகிறது, பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 11, 2024

பிறந்தது திருத்தணி. 1960 ஏப்ரல் 1 வரை அதுவும் சித்தூர் மாவட்டம்தான். அதனால் என்னை நகரியில் கட்டிக்கொடுத்தபோது வெளிமாநிலத்துக்கு அனுப்புகிறோம் என்று வீட்டில் யாரும் நினைக்கவில்லை. 1986இல் ஏ.என்.எம். ஆகச் சேர்ந்தேன். இந்த ஜனவரியில் மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றேன். என்.டி.ஆர். இரண்டு முறை, நடுவே காங்கிரஸ் முதலமைச்சர்கள் மூன்று பேர், சந்திரபாபு, ராஜசேகர ரெட்டி, ரோசய்யா, கிரண்குமார், 2014இல் சில மாதம் குடியரசுத் தலைவர் ஆட்சி, மறுபடி சந்திரபாபு, பிறகு ஜெகன். இத்தனை பேரையும் சுவரில் பார்த்தாகிவிட்டது.

இத்தனை மாற்றத்திலும் ஒரு மாதம்கூடத் தவறாமல் வந்தது மாதாந்திர அறிக்கைதான். யார் ஆண்டாலும் 25ஆம் தேதிக்கு மேல் தொலைபேசி அடிக்கும்: கர்ப்பிணிகள் பதிவு எத்தனை, தடுப்பூசி எத்தனை, கருத்தடை இலக்கு என்ன ஆயிற்று. காகிதம் போய்க் கணினி வந்தது, கணினி போய்ச் செல்பேசிச் செயலி வந்தது, பிறகு முகத்தைக் காட்டி வருகை பதியும் முறையும் வந்தது. முந்தைய ஆட்சியில் கேட்ட கணக்கை இந்த ஆட்சி மறந்ததாக எனக்கு நினைவே இல்லை. ஆனால் முந்தைய ஆட்சி தருவதாகச் சொன்ன பயணப்படி, பாக்கி வைத்த ஊக்கத்தொகை, பாதியில் நின்ற பதவி உயர்வுப் பட்டியல் என்றால் பதில் ஒன்றுதான்: "அது அவர்கள் காலத்து விஷயம் அம்மா, புதிதாக எழுதிக் கொடுங்கள்."

கட்டுப்பாடு விடாமல் தொடர்கிறது, ஆதரவு மட்டும் ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. போட்டோவுக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

பெயர் விளையாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு 2007இல் ஆரோக்கியஸ்ரீ என்று பெயர். சந்திரபாபு 2014இல் வந்த பிறகு என்.டி.ஆர். வைத்திய சேவா. 2019க்குப் பிறகு ஒய்.எஸ்.ஆர். ஆரோக்கியஸ்ரீ. அடுத்து என்ன பெயர் வரும் என்று ஜோசியக்காரனிடம் கேட்க வேண்டியதில்லை. ஜனங்கள் எல்லாக் காலத்திலும் ஆரோக்கியஸ்ரீ கார்டு என்றே சொன்னார்கள். அச்சடித்த படிவங்கள்தான் கட்டுக்கட்டாகப் பரணுக்குப் போயின. அவற்றின் பின்பக்கத்தில் நாங்கள் தடுப்பூசிக்கு வர வேண்டிய குழந்தைகளின் பட்டியலை எழுதினோம். நல்ல கெட்டிக் காகிதம்.

ஜூன் 11, 2024, சற்று நேரம் கழித்து

நியாயத்துக்கு ஒரு வரி. 2014இல் சந்திரபாபு வந்ததும் ஓய்வு வயது 58இலிருந்து 60 ஆயிற்று. 2022இல் ஜெகன் அதை 62 ஆக்கினார். இரண்டு கட்சிக்கும் கடன்பட்டவள் நான். எனக்குப் பின்னால் பதவி உயர்வுக்குக் காத்திருந்த பெண்கள் இரண்டு கட்சியையும் திட்டினார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயதை 62 ஆக்கிய அதே மாதத்தில்தான் ஊதியக்குழு ஆணையில் வீட்டு வாடகைப்படியில் கை வைத்தார்கள். அதை எதிர்த்துப் பிப்ரவரி 3 அன்று விஜயவாடாவே ஊழியர்களால் நிரம்பியது. எங்கள் பக்கத்திலிருந்து போனவர்களில் பாதிப் பேரை வழியிலேயே இறக்கிவிட்டார்கள்.

ஜூன் 16, 2024

"அரசு ஊழியர் என்றால் அத்தியாவசியம், ஸ்டிரைக் செய்யலாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

2023 டிசம்பர் 12 அன்று அங்கன்வாடிப் பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கேட்டது ஊதிய உயர்வும் பணிக்கொடையும். பணிக்கொடைக்கு அவர்கள் தகுதியானவர்கள் என்று உச்ச நீதிமன்றமே 2022 ஏப்ரலில் குஜராத் வழக்கில் சொல்லிவிட்டது. ஜனவரி 6 அன்று, அத்தியாவசியப் பணிகளில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கிற எஸ்மா சட்டம் பாய்ந்தது. சட்டப்படி அவர்கள் கௌரவ ஊழியர்கள், அதாவது முழு ஊழியர்கள் இல்லை. சம்பளம் கேட்டால் தொண்டர், வேலையை நிறுத்தினால் அத்தியாவசியப் பணியாளர். இந்த இரண்டில் ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், நானும் ஸ்டிரைக் தப்பு என்று எழுதுகிறேன்.

அது தேர்தலுக்கு நான்கு மாதம் முன்பு. ஆள்கிற கட்சிக்கு அந்த நேரத்தில் அந்த யோசனையைக் கொடுத்தது யாரோ, எதிர்க்கட்சிக்கு வேண்டியவராகத்தான் இருக்க வேண்டும்.

ஜூன் 17, 2024

தனியார் மருத்துவமனைக்காரர்களை மறந்துவிட்டேன் என்று கோபித்துக்கொண்ட தங்கைக்கு: மறக்கவில்லை. வாக்குப்பதிவு மே 13, முடிவு ஜூன் 4. இந்த இடைவெளியில் தேர்தல் நடத்தை விதி, பழைய அரசு இருந்தும் இல்லாத நிலை, புதிய அரசு இன்னும் வரவில்லை. அதே மே மாதத்தில்தான் ஆரோக்கியஸ்ரீ பாக்கி வரவில்லை என்று நெட்வொர்க் மருத்துவமனைகள் சேவையை நிறுத்துவதாக அறிவித்தன. எங்கள் தெருவில் ஒரு பெண் சிறிய நர்சிங் ஹோமில் இருக்கிறாள். "அரசாங்கம் கொடுத்தால் உனக்குக் கொடுக்கிறேன்" என்று முதலாளி சொல்லிவிட்டாராம். அரசாங்கம் அவளுக்கு முதலாளியும் இல்லை, அவள் போய்க் கேட்க ஓர் அலுவலகமும் இல்லை. ஆட்சி மாற்றத்தில் முதலில் அடிபடுவது அரசு ஊழியர் என்று யார் சொன்னது?

ஜூன் 23, 2024

கட்சி மாறுவது ஒரு மாற்றம். மாநிலமே பிளந்தது அதைவிடப் பெரியது. 2013ஐப் பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 30 அன்று தெலங்கானா தருவதாக முடிவு வந்தது. அதை எதிர்த்து ஆகஸ்ட் நடுவில் சீமாந்திரா, அதாவது தெலங்கானா போக மீதி ஆந்திரம் முழுக்க அரசு ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். சித்தூர் மாவட்டத்தில் பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, கஜானா இல்லை. மருத்துவத்துக்கு மட்டும் விலக்கு, அவசர சிகிச்சை நடக்கலாம். தடுப்பூசி அவசரமா இல்லையா என்று யாரும் எழுதித் தரவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் மின் ஊழியர்களும் இறங்கினார்கள்.

தடுப்பூசி வைக்கும் பெட்டியை ஐ.எல்.ஆர். என்போம். மேலே திறக்கிற மூடி, உள்ளே கூடைகள், கூடைக்கு நடுவில் வெப்பமானி. இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் இடையில் இருக்க வேண்டும், காலையும் மாலையும் பார்த்து எழுத வேண்டும். போலியோ சொட்டு மருந்துக்குச் சூடு ஆகாது, டி.பி.டி., டி.டி. தடுப்பூசிகளுக்கு உறைநிலை ஆகாது. மின்சாரம் போனால் முதல் விதி மூடியைத் திறக்காதே என்பது. திறக்காமல் வைத்தால் நல்ல பெட்டி பல மணி நேரம் தாங்கும். எங்களுடையது கிழப்பெட்டி, மூடியின் ரப்பர் ஒரு பக்கம் வாய் பிளந்திருக்கும். அதற்கு நாங்கள் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தோம். ஜெனரேட்டர் இருந்தது, டீசல் வாங்க யாரும் கையெழுத்துப் போடத் தயாராக இல்லை.

இரண்டாம் நாள் மாலை ஏழு டிகிரிக்கு மேல் போய்விட்டது. பார்மசிஸ்ட் அண்ணன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எனக்குத் தெரிந்த ஒரு சிஸ்டர் இருந்தார், என் நாத்தனார் வழியில் தூரத்து உறவு. தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னதும், "கடிதம் கிடிதம் கொண்டு வராதே, பெட்டியைக் கொண்டு வா" என்றார். அங்கேயும் அப்போது மின்வெட்டு தினப்படி சமாச்சாரம்தான். ஆனால் போன மின்சாரம் எப்போது திரும்பும் என்றாவது அங்கே தெரிந்தது.

மீதமிருந்த ஐஸ் பைகளைக் குளிர்பெட்டியில் சுற்றி வைத்து, நடுவில் குப்பிகளை அடுக்கி, டி.பி.டி. ஐஸில் நேராகப் படாதபடி அட்டை செருகி, பார்மசிஸ்ட் அண்ணனின் டி.வி.எஸ். வண்டியில் பின்னால் கட்டினோம். சோதனைச் சாவடியில் ஒரு போலீஸ்காரர் டார்ச் அடித்து, "என்னம்மா, மீனா?" என்று கேட்டார். திறந்து காட்டச் சொல்லிவிடுவாரோ என்றுதான் பயம். திறந்தால் குளிர் போகும். "குழந்தைகளுக்கான மருந்து ஐயா" என்றதும் கையை ஆட்டி அனுப்பிவிட்டார். அந்தப் பக்கத்துச் சிஸ்டர் தன் ஐ.எல்.ஆரில் ஒரு கூடையைக் காலி செய்து, வெள்ளை டேப் ஒட்டி 'ஆந்திரா' என்று எழுதி வைத்தார். சொட்டு மருந்துக் குப்பிகளை ஒவ்வொன்றாக விளக்கடியில் பிடித்து, வட்டத்துக்குள் இருக்கும், சூடு பட்டால் கறுத்துப்போகிற சதுரத்தின் நிறத்தைப் பார்த்தோம். சதுரம் வெளுப்பாகவே இருந்தது. ஒன்றுகூடக் கெடவில்லை.

ஸ்டிரைக் ஓய்ந்து, சரக்கும் திரும்பி வந்து, சில மாதம் கழித்து ஆய்வுக்கு ஒருவர் வந்தார். வெப்பநிலைப் பதிவேட்டில் அக்டோபரில் ஏன் இடைவெளி என்று எனக்கும் பார்மசிஸ்டுக்கும் மெமோ. டீசலுக்கு ஏன் பணம் வரவில்லை என்று யாருக்கும் மெமோ போனதாகக் கேள்விப்படவில்லை.

ஜூன் 24, 2024

"இது சட்டப்படி சரியா?" சரியில்லை. ஒரு மாநிலத்தின் இருப்பு இன்னொரு மாநிலத்தின் பெட்டியில் இருக்க எந்தப் படிவமும் கிடையாது. நான் கேட்பதும் அதைத்தான்: எல்லைப்புற மாவட்டங்களுக்கு அப்படி ஒரு படிவம் ஏன் இல்லை? காவல்துறை எல்லை தாண்டிப் பேசிக்கொள்கிறது, கலால்துறை பேசிக்கொள்கிறது. தேர்தல் வந்தால் சாராயத்தைத் தடுக்க இரண்டு மாவட்ட ஆட்சியர்களும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள்.

ஜூலை 3, 2024

ஜூலை 1 அன்று பென்ஷன் பணத்தை வாலண்டியர் இல்லாமல் சச்சிவாலய ஊழியர்களே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 4,000 ரூபாய், முந்தைய மூன்று மாத உயர்வுப் பாக்கியோடு 7,000. உன் மனைவியையும் கூட அனுப்பினார்கள் என்று எழுதியிருக்கிறாய் தம்பி. விடியற்காலையில் பாட்டிமார்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்று ஊர் சுகாதார சப்-சென்டரில் யார் இருந்தார்கள்?

சச்சிவாலய ஏ.என்.எம்.களின் பழைய நோய் இது. ஊசிக்கு மருத்துவத் துறை, வருகைப் பதிவுக்குச் சச்சிவாலயம், கணக்கெடுப்புக்கு எல்லாரும். போன ஆட்சியில் வாலண்டியர் என்று ஓர் ஆள் நடுவில் இருந்தார். அவரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை, கட்சி வேலை பார்த்தவர்கள் நிறைய. ஆனால் கொரோனாக் காலத்தில் எந்த வீட்டில் காய்ச்சல் என்று ஊர் சுகாதாரத் தொண்டரான ஆஷாவுக்கு முன்னால் அவருக்குத் தெரியும். இப்போது அந்த வேலை கீழே இறங்கி வரும். கீழே இருப்பது உன் மனைவி. எந்த நாளில் எந்த வேலைக்கு அனுப்பினார்கள் என்று நாட்குறிப்பு எழுதச் சொல். நாளைக்குத் தடுப்பூசி விழுக்காடு குறைந்தது என்று கேள்வி வந்தால் அதுதான் காப்பாற்றும்.

ஜூலை 28, 2024

ஜோசியம் பலித்தது. ஆரோக்கியஸ்ரீ மறுபடி என்.டி.ஆர். வைத்திய சேவா. இந்த வாரம் பல்கலைக்கழகமும் திரும்பியது. விஜயவாடாவில் 1986இல் சுகாதார அறிவியல் பல்கலைக்கழகமாகத் தொடங்கியது, பிறகு என்.டி.ஆர். பெயர் பெற்றது, 2022இல் ஒய்.எஸ்.ஆர். பெயரானது, இப்போது சட்டமன்றத்தில் மறுபடி என்.டி.ஆர்.

சிரிக்க வேண்டாம். என் சிநேகிதிக்கு இரண்டு பெண்கள், ஒரே நர்சிங் கல்லூரி, ஒரே பாடம், நடுவில் சில ஆண்டு இடைவெளி. பெரியவள் சான்றிதழில் ஒரு பெயர், சின்னவள் சான்றிதழில் இன்னொன்று. பெரியவள் தமிழ்நாட்டில் வேலைக்குப் போனபோது ஆந்திர நர்சிங் கவுன்சிலில் தடையின்மைச் சான்று வாங்கி, தமிழ்நாடு கவுன்சிலில் பதிந்து முடிந்துவிட்டது. சின்னவள் வளைகுடாவுக்கு விண்ணப்பித்தாள். சான்றிதழ் சரிபார்க்கிற இடத்திலிருந்து, இப்படி ஒரு பல்கலைக்கழகம் எங்கள் பட்டியலில் இல்லையே என்று கடிதம். பெயர் மாறிய அரசாணையின் நகலை இணைத்து அனுப்பினார்கள். இனி அது திரும்பி மாறியதற்கும் ஒரு நகல் இணைக்க வேண்டும்.

2014 பிரிவினையின்போதும் இதே கூத்துதான். பதிவேடுகள் ஐதராபாதில், ஊழியர்கள் யாருக்கு எந்த மாநிலம் என்று கமலநாதன் குழு பிரித்துக்கொண்டிருந்தது. ஒரு நர்சின் பதிவு எண் அவள் மண்டையில் ஒட்டியிருக்க வேண்டிய விஷயம், அரசியல் எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவே வர வேண்டும். 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நர்சிங் ஆணையச் சட்டம் தேசியப் பதிவேடு பற்றிப் பேசுகிறது. நல்லது. நடைமுறைக்கு வந்தால் முதல் ஆளாக நானே இனிப்பு வாங்கித் தருகிறேன்.

ஆகஸ்ட் 18, 2024

நேற்று டாக்டர்கள் நாடு முழுக்க வேலையை நிறுத்தினார்கள், கொல்கத்தாவில் பணியில் இருந்த பெண் டாக்டருக்கு நேர்ந்த கொடுமைக்காக. அதைப் பற்றி எழுதக் கை வரவில்லை. மருத்துவ ஊழியரைத் தாக்கினால் தண்டிக்கத் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் 2008லேயே சட்டம் வந்துவிட்டது. கேரளத்தில் கொட்டாரக்கரையில் இளம் டாக்டர் குத்திக் கொல்லப்பட்ட பிறகு 2023இல் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். சட்டம் உண்டு. நான் இரவுப் பிரசவம் பார்த்த காலத்தில் வாட்ச்மேன் இல்லை, என் வீட்டுக்காரர்தான் வெளியில் பெஞ்சில் படுத்திருப்பார்.

வேறு விஷயம். "தமிழ்நாட்டில் இந்தக் கூத்தெல்லாம் நடக்காது" என்று பள்ளிப்பட்டுத் தம்பி மீசையை முறுக்கியிருக்கிறார். 2020 டிசம்பரில் அம்மா மினி கிளினிக் திறந்தார்கள், 2,000 கிளினிக் என்று அறிவிப்பு. 2021 மே மாதம் ஆட்சி மாறியது. 2022 ஜனவரியில் மூடியாகிவிட்டது என்றார்கள். அதற்கென ஒப்பந்தத்தில் எடுத்த டாக்டர்கள் கொரோனா வேலைக்குப் போய், அந்த மார்ச்சோடு அவர்கள் காலமும் முடிந்தது. அதே சமயம் புதிய அரசு மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி, வேறு பெண்களை வேறு ஒப்பந்தத்தில் எடுத்தது. அந்தத் திட்டம் நல்ல திட்டம். வீட்டுக்கே மாத்திரை வருகிறது, என் தம்பிக்கே வருகிறது. ஆனால் முதல் கூட்டத்தை அனுப்பிவிட்டுத்தான் இரண்டாவது கூட்டத்தை எடுக்க வேண்டுமா?

என் அக்கா மகள் 2020இல் கொரோனா நர்சாகச் சேர்ந்தவள். முழு உடைக்குள் ஆறு மணி நேரம், வீட்டுக்கு வந்தால் மொட்டை மாடியில் தனிச் சாப்பாடு. பணி நிரந்தரம் என்று இந்தக் கட்சியும் பேசியது, அந்தக் கட்சியும் பேசியது. 2022 டிசம்பர் 31 அன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வேலை முடிந்தது என்று உத்தரவு. புத்தாண்டு வாழ்த்தும் அந்த உத்தரவும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் வந்தன என்றாள். பிறகு மாவட்ட அளவில் மாற்று வேலை தருகிறோம் என்றார்கள். அவள் தனியாருக்குப் போய்விட்டாள். இப்போது 'அரசு' என்ற சொல்லை யாராவது எடுத்தால் எழுந்து அடுக்களைக்குப் போகிறாள்.

செப்டம்பர் 22, 2024

ஆர்.எம்.பி.க்களைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டவர் சரியான இடத்தில் கை வைத்தார். என் 'கட்டுப்பாடு விடாமல் தொடர்கிறது' என்ற பேச்சு இங்கே வந்து நொண்டுகிறது.

தெரியாதவர்களுக்கு: ஆந்திரத்தில் ஊருக்கு ஊர் ஓர் ஆர்.எம்.பி. இருப்பார். பட்டம் இல்லை, ஏதோ ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்த அனுபவம், ஒரு தோல் பை, ஸ்டெதாஸ்கோப், டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு மருந்து. ஜனங்களுக்கு அவர் டாக்டர். நடுராத்திரி கதவைத் தட்டினால் திறப்பார். பணத்தை அறுவடைக்குப் பிறகு வாங்கிக்கொள்வார். எல்லாக் காய்ச்சலுக்கும் குளுக்கோஸ் ஏற்றுவார், அது வேறு கதை.

ராஜசேகர ரெட்டி காலத்தில் இவர்களைச் சட்டத்துக்குள் கொண்டுவர ஒரு முயற்சி நடந்தது. பயிற்சி கொடுத்து, முதலுதவி, எப்போது மேலே அனுப்புவது, எதைத் தொடக்கூடாது என்பதையெல்லாம் சொல்லி, சமுதாய துணை மருத்துவப் பணியாளர் என்று ஓர் இடம் தருவதாகத் திட்டம். டாக்டர்கள் சங்கம் கொதித்தது. போலிகளுக்கு முத்திரை குத்துகிறீர்களா என்றார்கள். 2009 செப்டம்பர் 2 அன்று அவர் போன ஹெலிகாப்டர் விழுந்தது. ஆணை காகிதத்தில் இருந்தது, ஆள் போய்விட்டார். பயிற்சி ஓர் ஊரில் பாதி, ஓர் ஊரில் கால் என்று நின்றது. எங்கள் பக்கத்து ஆர்.எம்.பி. ஒருவர் வகுப்புக்குப் போன அடையாள அட்டையைக் கடைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டினார். தடுக்க நினைத்ததற்கு அதுவே உரிமம் ஆகிவிட்டது. கட்டுப்படுத்தத் தொடங்கிப் பாதியில் விட்டால், தொடங்காததைவிட மோசம்.

தமிழ்நாட்டுப் பக்கம் போலி மருத்துவர் வேட்டை அவ்வப்போது நடக்கும், முக்கியமாக டெங்கு காலத்தில். அன்றைக்குச் சில பெயர்ப்பலகைகள் எல்லை தாண்டி இந்தப் பக்கம் வரும், இந்தப் பக்கம் கெடுபிடி என்றால் அந்தப் பக்கம் போகும். நோயாளிகளும் பின்னாலேயே போவார்கள்.

இளவயதில் ஆர்.எம்.பி.க்கள் மேல் எனக்கு அடங்காத கோபம். வலி வருவதற்காக ஊசி போட்டு ஒரு பெண்ணின் கர்ப்பப்பை கிழிந்து எங்களிடம் வந்தாள், அதைப் பார்த்தவர்களுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும். பிற்பாடு அதே ஊரில் வேறொரு ஆர்.எம்.பி., பிரசவம் என்றால் தொடாமல் எனக்குப் போன் செய்கிறவர். "அம்மா, கால் வீங்கியிருக்கிறது, தலைவலி என்கிறாள், நீங்கள் வந்து பி.பி. பாருங்கள்" என்பார். அப்படி வந்தவர்களை 108இல் ஏற்றித் திருப்பதிக்கு அனுப்பியிருக்கிறேன். முதல் ஆளைச் சிறையில் போட வேண்டும், இரண்டாவது ஆளுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டு பேருக்கும் ஒரே சட்டப் பிரிவு என்பதுதான் சிக்கல்.

செப்டம்பர் 23, 2024

ஆர்.எம்.பி. மகன் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். அப்பாவைத் திட்டவில்லை தம்பி. டெக்ஸாமெத்தசோனைத்தான் திட்டினேன்.

பிப்ரவரி 19, 2025

இழை தூங்கிப் போயிருந்தது. தேவிகுளத்திலிருந்து ஒரு தமிழ்ப் பெண் வந்து எழுப்பியிருக்கிறார். இந்த மாதம் 10ஆம் தேதியிலிருந்து கேரளத்து ஆஷாக்கள் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். கௌரவ ஊதியம் 7,000 ரூபாய், அதை உயர்த்தக் கேட்கிறார்கள். "கேரளா என்றால் சுகாதாரத்தில் முதலிடம் என்கிறீர்களே அக்கா, எஸ்டேட் லயத்தில் மழையில் ஏறி இறங்குகிற எங்களுக்கு ஆந்திராவைவிடக் குறைவா?" என்கிறார்.

கௌரவ ஊதியத்தில் குறைவுதான். ஜெகன் 2019இல் பொறுப்பேற்ற சில நாட்களிலேயே ஆஷாக்களுக்கு 10,000 என்றார். ஆட்சி மாறியும் அந்தப் பத்தாயிரம் நிற்கிறது. இதை யோசித்துத்தான் முன்பு எழுதியதைச் சற்றுத் திருத்துகிறேன். ஆதரவு எல்லாமே முதல் பக்கத்திலிருந்து தொடங்குவதில்லை. வங்கிக் கணக்கில் விழுகிற தொகையைக் குறைக்க எந்த அரசுக்கும் தைரியம் இல்லை. நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஆஷாக்கள், அவர்கள் வீட்டு ஓட்டு, அவர்கள் தெரு ஓட்டு. கண்ணுக்குத் தெரியாதவைதான் காணாமல் போகின்றன: சேவைக்காலக் கணக்கு, விடுப்பு, மேலே போக வழி, அடிபட்டால் யார் பொறுப்பு. அதற்குப் பெயர் இல்லை, போட்டோ இல்லை, திறப்பு விழா இல்லை.

இன்னொன்று, கேரளத்தில் நடப்பது ஆட்சி மாற்றமே இல்லை. 2021இல் அதே அணி திரும்பி வந்தது. அப்படியும் இந்த நிலை என்றால், மத்திய அரசு 2005இல் ஆஷாவை உருவாக்கும்போதே தொண்டர் என்று எழுதி வைத்ததில்தான் கோளாறு. தில்லியைக் கேட்டால் மாநிலத்தைக் கேள் என்கிறது, மாநிலத்தைக் கேட்டால் தில்லியைக் கேள் என்கிறது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஆஷாக்களுக்கு விருது கொடுத்தபோது மட்டும் இரண்டு பேரும் கைதட்டினார்கள்.

மார்ச் 5, 2025

ஆந்திர அரசு ஆஷாக்களுக்கு அறிவித்தது எல்லாருக்கும் தெரிந்திருக்கும்: ஓய்வு வயது 62, முதல் இரண்டு பிரசவத்துக்கு 180 நாள் சம்பளத்தோடு விடுப்பு, பணிக்கொடை 1.5 லட்சம் வரை. யார் செய்தாலும் நல்லது நல்லதுதான். போன மாதம் நான் புலம்பியதில் இரண்டை அடித்துவிடலாம்.

ஆனால் பணிக்கொடை என்றால் சேர்ந்த தேதி வேண்டும். 2006, 2007இல் சேர்ந்த ஆஷாக்களிடம் என்ன இருக்கிறது? கிராமத்தில் கூட்டம் போட்டுத் தேர்ந்தெடுத்த தீர்மானம், முதல் பயிற்சிக்குப் போன சான்று, அதிகபட்சம் ஒரு புடவை. தொண்டருக்கு சர்வீஸ் ரிஜிஸ்டர் கிடையாது. எனக்குத் தெரிந்த ஒருவரின் தீர்மான நகல் பஞ்சாயத்துக் கட்டடம் சச்சிவாலயமாக மாறியபோது எங்கோ போய்விட்டது.

நகரி, விஜயபுரம், நிண்ட்ரா பக்கம் அந்தக் காலத்து முதல் பயிற்சி வகுப்பின் வருகைப் பதிவேட்டை யாராவது வைத்திருந்தால் சொல்லுங்கள். பெயர்கள் தெலுங்கில், பச்சை அட்டை நோட்டு, முன்பக்கத்தில் சுண்ணாம்புக் கறை. நகல் போதும். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

மார்ச் 6, 2025

குடியாத்தம் தம்பி, நாட்குறிப்பு என்ன ஆயிற்று? மனைவி எழுதுகிறாளா, நீ எழுதுகிறாயா?